இணையக் காவலர்களை உருவாக்கும் உபகாரச் சம்பளம்

1986ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய கணக்கு உதைத்தது. அக்காலத்தில் அங்கிருந்த பெரிய கணினிகளைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரிடமும் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. மாத இறுதியில் கணக்குப் பார்த்தபோது 75 காசு குறைந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை கிளிஃபோர்ட் ஸ்டால் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கணினி வல்லுநர் அல்லர். விண்மீன்களை ஆராயும் வானியலாளர். ஆய்வுக்கான நிதி தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்.

வேறொருவராக இருந்திருந்தால் 75 காசுதானே என்று விட்டிருப்பார். ஸ்டால் விடவில்லை. யாரோ ஒருவர் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்து சில விநாடிகள் அதைப் பயன்படுத்தியிருந்தார். அந்த ஆளைப் பிடிக்க, ஆய்வுக்கூடத்துக்குள் வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சு இயந்திரங்களைப் பொருத்தினார். ஊடுருவியவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதிந்தது. வானியலாளருக்கே உரிய பழக்கத்தால், நடந்த ஒவ்வொன்றையும் நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கணினிகளுக்கிடையே பதில் வந்து சேரும் தாமதத்தை அளந்து, அந்த ஆள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கணிக்கவும் முயன்றார்.

ஊடுருவியவர் ஆய்வுக்கூடத்தை ஒரு வாசலாக மட்டுமே பயன்படுத்தி, அங்கிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துருவிக்கொண்டிருந்தார். புலனாய்வு அதிகாரிகளிடம் சொன்னபோது, 75 காசு இழப்புக்கு வழக்கா என்று முதலில் அவர்கள் அக்கறை காட்டவில்லை. இறுதியில் ஏவுகணைத் தடுப்பு பற்றிய போலிக் கோப்புகளை உருவாக்கி, அவற்றைப் படிக்கும் ஆசையில் அந்த ஆள் நீண்ட நேரம் இணைப்பில் இருக்கும்படி ஸ்டால் செய்தார். அந்த நேரத்துக்குள் தொலைபேசித் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம்வரை சென்றது. திருடப்பட்ட தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டிருந்தன.

இந்த நிகழ்ச்சி இன்றும் இணையப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லப்படுகிறது. சுவையான துப்பறியும் கதை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அது அன்றைய அமெரிக்க அரசாங்கத்தின் நிலையைக் காட்டுகிறது. இராணுவ இரகசியங்களைக் காத்துத் தந்தவர் தற்செயலாக அந்த நாற்காலியில் வந்து அமர்ந்த ஒரு வானியலாளர். நாட்டின் பாதுகாப்பைத் தற்செயலிடம் விட்டுவிட முடியுமா?

இரண்டே ஆண்டுகளில் கேள்வி இன்னும் கூர்மையானது. 1988 நவம்பர் 2ஆம் தேதி, பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நிரல் ஒன்று தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு இணையத்தில் பரவியது. 'மோரிஸ் புழு' எனப்படும் அது ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியதாக அப்போது மதிப்பிடப்பட்டது. அன்றைய இணையத்தின் அளவுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. அதன் பிறகுதான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலைகளைக் கையாளும் குழு ஒன்று அரசாங்க ஆதரவுடன் தொடங்கப்பட்டது.

குழு அமைக்கலாம், அதில் வேலை செய்ய ஆள் வேண்டுமே! 1990களில் இத்துறையை முறையாகக் கற்பித்த பல்கலைக்கழகங்கள் மிகச் சில. பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்பாஃபர்ட் 1997இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தப் பற்றாக்குறையை எடுத்துரைத்தார். திறமையான பட்டதாரிகளைத் தனியார் நிறுவனங்கள் அதிகச் சம்பளம் தந்து அழைத்துக்கொண்டன. அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டன. விதைநெல்லையே விற்றுவிட்டால் அடுத்த ஆண்டு எதை விதைப்பது என்பது போன்ற நிலை.

சம்பளத்தில் தனியார் நிறுவனங்களோடு அரசாங்கம் போட்டியிட முடியாது. ஆனால் அதனிடம் வேறொரு பழைய வழி இருந்தது. இராணுவ அதிகாரிகளாக விரும்பும் இளையர்களுக்குப் பல்கலைக்கழகச் செலவை ஏற்று, படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் படையில் பணியாற்றச் செய்யும் முறை அது. அதே முறையைக் கணினித் துறைக்கும் கொண்டுவரும் திட்டம் 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2001இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறநிறுவனம் முதல் நிதியைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. 'சேவைக்கான உபகாரச் சம்பளம்' என்பது திட்டத்தின் பெயர். 'சைபர்கோர்', அதாவது இணையப் படை, என்றும் அதை அழைக்கிறார்கள்.

திட்டம் செயல்படும் விதம் எளிது. நிதி முதலில் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும். பல்கலைக்கழகம் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும். தேர்வானவரின் கல்விக் கட்டணம் முழுவதும் மூன்று ஆண்டுகள்வரை செலுத்தப்படும். வாழ்க்கைச் செலவுக்கெனத் தனித் தொகையும் உண்டு. அண்மைய விதிகளின்படி, இளங்கலை மாணவருக்கு ஆண்டுக்கு 27,000 அமெரிக்க டாலரும் முதுகலை மாணவருக்கு 37,000 டாலரும் கிடைக்கின்றன. கோடை விடுமுறையில் அரசாங்க அமைப்பு ஒன்றில் பயிற்சி பெறவேண்டும். பட்டம் பெற்ற பின், எத்தனை ஆண்டுகள் உபகாரச் சம்பளம் பெற்றாரோ குறைந்தது அத்தனை ஆண்டுகள் அரசாங்கத்தில் இணையப் பாதுகாப்புப் பணியாற்ற வேண்டும்.

யாருக்கு இதைக் கொடுப்பது? கணினி அறிவியல் மாணவர்களுக்கு என்பதுதான் எல்லாருக்கும் உடனே தோன்றும் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, 2016 பிப்ரவரியில் நடந்த ஒரு வங்கிக் கொள்ளையைப் பார்க்கலாம்.

பங்ளாதேஷின் மத்திய வங்கிக்கு நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. பங்ளாதேஷ் வங்கியின் கணினிகளுக்குள் முன்பே ஊடுருவியிருந்த திருடர்கள், அந்தக் கணக்கிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 951 மில்லியன் டாலரை அனுப்பும்படி 35 போலிக் கட்டளைகளை விடுத்தனர். பணப் பரிமாற்றங்களைத் தாளில் அச்சிடும் இயந்திரத்தையும் முடக்கினர். வங்கி ஊழியர்களோ, இயந்திரம் வழக்கம்போல் பழுதாகிவிட்டது என்று நினைத்தனர்.

திருடர்கள் தேர்ந்தெடுத்த நாள்தான் கவனிக்க வேண்டியது. அன்று வியாழக்கிழமை இரவு. பங்ளாதேஷில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அங்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் வேலைக்குத் திரும்பும்போது நியூயார்க்கில் வார விடுமுறை. திங்கட்கிழமை நியூயார்க்கில் வங்கி திறக்கும்போது, பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பீன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாட்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இந்தத் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. கணினிப் பாடநூலில் சீனப் புத்தாண்டு பற்றி ஒரு வரியும் இருக்காது!

கொள்ளை பெருமளவு தடைபட்டதற்கும் கணினித் தொழில்நுட்பம் காரணமில்லை. 20 மில்லியன் டாலர் இலங்கையில் உள்ள ஓர் அறநிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. 'ஃபவுண்டேஷன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஃபாண்டேஷன்' என்று திருடர்கள் எழுத்துப்பிழை செய்துவிட்டனர். இடையில் இருந்த ஒரு ஜெர்மானிய வங்கி அதைக் கவனித்து விளக்கம் கேட்டது. பணம் திரும்பி வந்தது. வேறு பல கட்டளைகளில் மணிலா வங்கிக் கிளையின் முகவரியாக 'ஜுப்பிட்டர்' என்னும் தெருப் பெயர் இருந்தது. அதே பெயருடைய ஈரானியக் கப்பல் ஒன்று அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருந்ததால் அவை ஆய்வுக்கு நிறுத்தப்பட்டன. எழுத்துக்கூட்டலும் ஒரு தற்செயலான பெயர் ஒற்றுமையும் சேர்ந்து பல நூறு மில்லியன் டாலரைக் காப்பாற்றின.

ஆனால் 81 மில்லியன் டாலர் மணிலாவைச் சென்றடைந்தது. அதில் பெரும்பகுதி அங்குள்ள சூதாட்டக் கூடங்களுக்குள் புகுந்தது. அப்போது பிலிப்பீன்ஸின் கள்ளப்பண ஒழிப்புச் சட்டம் சூதாட்டக் கூடங்களை உள்ளடக்கவில்லை. திருடர்கள் சட்டத்தையும் படித்திருந்தார்கள். அந்த ஓட்டை 2017இல்தான் சட்டத் திருத்தத்தின் மூலம் அடைக்கப்பட்டது. 2018இல் அமெரிக்க நீதித்துறை இந்தக் கொள்ளையின் தொடர்பில் வடகொரியர் ஒருவர்மீது குற்றம் சாட்டியது. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆதாரங்களை நாடு நாடாகத் தேடித் தொகுப்பதற்கு நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் போதுமா? கணக்கியல், அனைத்துலகச் சட்டம், மொழி, வட்டார அரசியல் ஆகியவை அறிந்தவர்களும் வேண்டும்.

சிங்கப்பூரின் அனுபவமும் இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. 2018இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் பறிபோயின. அதை ஆராய்ந்த விசாரணைக் குழு, தொழில்நுட்பக் குறைகளோடு மனிதர்களின் குறைகளையும் சுட்டியது. சில ஊழியர்கள் சந்தேகத்துக்குரிய அறிகுறிகளை முன்னரே கண்டிருந்தும், உரியவர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை. தவறாக எச்சரித்துவிட்டால் என்ன ஆகும் என்ற தயக்கம் எந்த அலுவலகத்திலும் இருக்கக்கூடியது. அந்தத் தயக்கத்தை எப்படிப் போக்குவது என்பது உளவியலும் நிர்வாகவியலும் ஆராயும் கேள்வி.

இதனால்தான் அமெரிக்கத் திட்டத்தில் பங்குபெறும் பல்கலைக்கழகங்களுள் சில, பல துறை மாணவர்களையும் ஒன்றாகச் சேர்க்கின்றன. தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கணினி அறிவியல் மாணவர்களுடன் சட்டம், பொதுக் கொள்கை போன்ற துறைகளின் மாணவர்களும் இந்த உபகாரச் சம்பளத்தைப் பெற்றுள்ளனர். ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா பல்கலைக்கழகத்தில் வேறு விதமான கலப்பு நிகழ்கிறது. அங்குள்ள மாணவர்கள் உள்ளூர்க் காவல்துறையுடன் சேர்ந்து, குற்ற வழக்குகளில் கைப்பற்றப்பட்ட கைத்தொலைபேசிகளிலிருந்து தகவல்களை மீட்கப் பயின்றுள்ளனர்.

கைத்தொலைபேசியிலிருந்து அழிக்கப்பட்ட ஒரு குறுஞ்செய்தியை மீட்பதை எடுத்துக்கொள்வோம். அது எந்த நினைவுப்பகுதியில் தங்கியிருக்கும் என்பதைக் கணினி மாணவர் அறிவார். அதைத் திறந்து பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டுமா என்பதைச் சட்ட மாணவர் அறிவார். கருவி யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு எப்போது மாறியது என்ற பதிவு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் வழக்கு தோற்கலாம். மீட்ட செய்தி செல்லாக்காசாகிவிடும். இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் ஓரளவாவது புரிந்துகொண்டால்தான் வேலை நடக்கும். பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற பிறகு அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் சில வழக்குகள் அதற்கான கட்டணமாகிவிடும்.

அரசாங்க வேலைக்கு வரும் இந்த மாணவர்கள் கடுமையான பின்னணிச் சோதனைக்கும் உட்பட வேண்டும். குடும்பம், கடன், வெளிநாட்டுத் தொடர்பு என எல்லாவற்றையும் பல பக்கப் படிவங்களில் நிரப்பித் தரவேண்டும். அந்தப் படிவங்கள் அமெரிக்க அரசாங்கத்தின் ஊழியர் நிர்வாக அலுவலகத்தில் இருந்தன. 2015இல் அந்த அலுவலகமே ஊடுருவப்பட்டது தெரியவந்தது. 21.5 மில்லியன் பேரின் விவரங்கள் திருடப்பட்டன, அவர்களுள் 5.6 மில்லியன் பேரின் கைரேகைப் பதிவுகளும் அடங்கும். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை எப்படி மாற்றுவது? உபகாரச் சம்பள மாணவர்களுக்கு வேலை தேடித் தர உதவும் அலுவலகமும் இதுவே என்பது இதில் ஒரு முரண். இத்தகையோர் அரசாங்கத்துக்கு ஏன் தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான விளம்பரம் கிடைத்திருக்காது.

படிப்புக்கு உதவி, பதிலுக்குச் சேவை என்னும் ஏற்பாடு சிங்கப்பூர் மாணவர்களுக்குப் புதிதன்று. இங்கும் அரசாங்க உபகாரச் சம்பளம் பெறுவோர் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட ஆண்டுகள் பொதுச் சேவையில் பணியாற்றும் கடப்பாட்டை ஏற்கின்றனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு உபகாரச் சம்பளம் வழங்கும் அமைப்பு பொதுவாகத் தானே வேலையையும் தந்துவிடும். அமெரிக்கத் திட்டத்தில் நிதி தருவது ஓர் அமைப்பு, படிப்பைத் தருவது பல்கலைக்கழகம், வேலை தருவது வேறு ஏதோ ஓர் அமைப்பு. வேலையைத் தேடிக்கொள்ளும் பொறுப்பு மாணவருடையது. அவருக்கு உதவ ஆண்டுதோறும் வேலைவாய்ப்புக் கண்காட்சி நடத்தப்படுகிறது. அரசாங்க அமைப்புகள் வந்து நேர்முகத்தேர்வு நடத்துகின்றன. பட்டம் பெற்ற 18 மாதங்களுக்குள் தகுந்த வேலையில் சேரவில்லை என்றால், பெற்ற உபகாரச் சம்பளம் கடனாக மாறிவிடும். வட்டி, அது வழங்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

பல ஆண்டுகளாக இந்த விதி யாரையும் பெரிதாக அச்சுறுத்தவில்லை. ஆள் பற்றாக்குறை இருந்ததால் வேலை எளிதில் கிடைத்தது. 2025 ஜனவரி 20ஆம் தேதி, புதிய அதிபர் பதவியேற்ற அன்றே, அமெரிக்கக் கூட்டரசு அரசாங்கத்தில் பொதுவாக ஆள் சேர்ப்பது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டில் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பிலேயே ஊழியர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வேலை கிடைத்துவிட்டதாக நம்பியிருந்த மாணவர்கள் சிலருக்கு அந்த வாய்ப்பு கைநழுவியது. படிப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை; சேவை செய்யவும் மறுக்கவில்லை. சேவை செய்ய இடம்தான் இல்லை. 18 மாதக் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒப்பந்தம் என்பது இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டாமா என்ற கேள்வி இங்கு எழுகிறது. கையொப்பமிடும்போது மாணவருக்குப் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியே இருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து அரசாங்கத்தின் நிதிநிலை எப்படி இருக்கும் என்பதை அவர் கணிக்க முடியாது, அரசாங்கத்தாலும் முடியாது. ஆனால் கணிப்பு பொய்த்தால் இழப்பை ஏற்பவர் மாணவர் மட்டுமே என்பது நியாயமாகத் தோன்றவில்லை. வேலை தேடிக் கிடைக்காதவரையும், தனியார் நிறுவனத்தின் அதிகச் சம்பளத்துக்காகக் கடப்பாட்டைக் கைவிட்டவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது ஏற்கக்கூடியதன்று.

கூட்டரசு அரசாங்கத்துக்கு வெளியேயும் இவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. 2018இல் அட்லாண்டா நகராட்சியின் கணினிகளையும் 2019இல் பால்டிமோர் நகராட்சியின் கணினிகளையும் பிணைப்பணம் கேட்டவர்கள் பூட்டிவைத்தனர். நகரவாசிகள் கட்டணம் செலுத்துவது போன்ற அன்றாடச் சேவைகள் பல நாள் தடைபட்டன. மாநில அரசாங்கங்களிலும் நகராட்சிகளிலும் பணியாற்றுவதையும் சட்டம் சேவையாக ஏற்கிறது. ஆனால் அவ்வாறு செல்வோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் வரையறுக்கிறது. கூட்டரசு அரசாங்கத்துக்கு ஆள் போதவில்லை என்ற காலத்தில் வகுக்கப்பட்ட வரம்பு அது.